கம்பளி நூல் குவியல்: வைத்திருப்பதா, பின்னித் தீர்ப்பதா, கொடுத்துவிடுவதா?

டிசம்பர் முதல் வாரம், மூன்றாவது நாளாக மழை விடவில்லை. ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகள் சும்மா கிடக்கின்றன, துணியெல்லாம் உள்ளே மின்விசிறிக்கு அடியில். காலையில் 23 டிகிரி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரும் ஜனவரியும்தான் சிங்கப்பூருக்குக் குளிர்காலம். இங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி அளவில்தான். ஆனாலும் பின்னல் பழகியவர்களுக்கு இந்த மாதிரி நாளில் கை சும்மா இருக்காது. ஊசியை எடுத்தாயிற்று, நூல் வேண்டுமே என்று பாம் ஷெல்டருக்குள் (குண்டுவீச்சின்போது ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் சின்ன அறை) அடுக்கி வைத்திருந்த ஆறு பெட்டிகளையும் கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை. நனைந்த சாக்கு வாடை. மேலே இருந்த சாம்பல் நிற மெரினோ கம்பளிச் சிட்டத்தைத் தூக்கினால், தூக்கத் தூக்க இழை இழையாக அறுந்து விழுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவே சிலந்தி வலை மாதிரி மெல்லிய படலம், கூடவே மணல் மணலாக ஏதோ, அதுவும் நூலின் அதே சாம்பல் நிறத்தில். அந்துப்பூச்சியின் புழு எந்த நிற நூலைத் தின்கிறதோ அந்த நிறத்தில்தான் அதன் எச்சமும் இருக்கும், அதனால்தான் அது சட்டென்று கண்ணில் படுவதில்லை. அக்கா மெல்போர்னிலிருந்து வாங்கி வந்து கொடுத்த நூல் அது. நல்ல பேட்டர்ன் கிடைக்கட்டும் என்று நான்கு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். 100 கிராம், ஏறக்குறைய 400 மீட்டர். அதில் ஒரு மீட்டர்கூடப் பின்னவில்லை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நூல் சேர்ந்துபோன எல்லாருக்கும் இருக்கும் கேள்விதான் இது. அப்படியே வைத்திருப்பதா, பின்னித் தீர்ப்பதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா? மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் கம்பளி நூலை வைத்திருக்க வேண்டுமென்றால் அதன்மேல் ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும். இது கோத்தகிரி அத்தைக்கு, இது லண்டனில் படிக்கும் தம்பி மகனுக்கு என்று. பெயர் இல்லாத கம்பளியை நன்றாக இருக்கும்போதே கை மாற்றிவிட வேண்டும். பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் இந்தக் கட்டாயம் இல்லை, அவை பொறுத்திருக்கும்.

ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் நூலைப் பிரிக்க வேண்டும், எப்படிப் பிரிக்கிறோம் என்பதிலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. நான் பல வருடம் நிறவாரியாக அடுக்கினேன். நீலமெல்லாம் ஒரு பெட்டி, சிவப்பெல்லாம் ஒரு பெட்டி. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், மூடியைத் திறந்தாலே மனசு நிறையும். ஆனால் அப்படி வைத்ததால்தான் மெரினோவும் பருத்தியும் அக்ரிலிக்கும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன, எந்தப் பெட்டியைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாமல் போனது. இன்னொரு முறை தடிமன்வாரியாகப் பிரிப்பது, மெல்லிய ஃபிங்கரிங் தனி, டிகே தனி, தடித்த வொர்ஸ்டட் தனி. ஒரு பேட்டர்னைக் கையில் வைத்துக்கொண்டு நூல் தேடும்போது இது மிக வசதி, குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். இங்கே முதலில் இழைவாரியாகத்தான் பிரிக்க வேண்டும். ஆட்டு ரோமம், அல்பாகா, மொஹேர், பட்டு எல்லாம் ஒரு பக்கம், பருத்தி, லினன், மூங்கில் ஒரு பக்கம், அக்ரிலிக், நைலான் ஒரு பக்கம். கலப்பு நூலில் கால்வாசி கம்பளி இருந்தாலும் அது கம்பளிப் பக்கம்தான் போக வேண்டும். சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால் பூச்சி அண்டாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது மெஷினில் துவைத்தால் சுருங்காது என்பதற்கான பக்குவம் மட்டுமே, புழுவுக்கு அதுவும் தீனிதான்.

லேபிள் தொலைந்த நூல்கள் எப்படியும் கால்வாசி இருக்கும். அதற்கு நெருப்புச் சோதனைதான். விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் சிங்க்குக்கு மேலே, பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தீயை எடுத்தவுடன் தானே அணைந்துவிடும், சாம்பலை விரலில் தேய்த்தால் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி சட்டென்று பிடித்து எரியும், வாடையும் காகித வாடைதான். அக்ரிலிக் எரிவதோடு உருகவும் செய்யும், கடைசியில் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும், சூடு ஆறும்வரை அதைத் தொடாதீர்கள். முடி நாற்றமும் வந்து நுனியில் கெட்டி மணியும் நின்றால் அது கலப்பு. நான் 14 அநாமதேய உருண்டைகளை இப்படிப் பார்த்தேன். முழுக் கம்பளி என்று தனியாக எடுத்து வைத்திருந்த ஐந்து உருண்டை சுத்த அக்ரிலிக்காக இருந்தது, பழைய அக்ரிலிக் என்று ஓரமாகப் போட்டிருந்த பச்சை நூல் கம்பளியாக இருந்தது. கையால் தொட்டே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போய்விட்டது.

அடுத்தது தராசு. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசே போதும். லேபிளில் 100 கிராமுக்கு 400 மீட்டர் என்று இருந்து, மிச்சம் 37 கிராம் என்றால் 148 மீட்டர் இருக்கிறது என்று கணக்கு. இந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி உருண்டைக்குள் செருகி வையுங்கள், டை லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்களுக்கான எண்) தெரிந்தால் அதையும் சேர்த்து. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகவே தெரியாது. மழை நாளில் நிறுத்த எடையில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும், அதனால் ஒரு கை குறைத்தே கணக்குப் போடுங்கள்.

அந்த ஈரம்தான் வைத்திருப்பதில் உள்ள முழுச் சிக்கலும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல், டிசம்பரில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 70-ஐத் தாண்டிப் பல நாள் நின்றாலே பூசணத்துக்குப் போதும். சின்ன ஈரப்பத மானி ஒன்றை வாங்கி வீடு முழுக்க வைத்துப் பார்த்தேன். பாம் ஷெல்டரில் 79, கூடத்தில் 84, இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறை அலமாரியில் காலையில் 60. நாங்களெல்லாம் பாம் ஷெல்டரை ஸ்டோர் ரூமாகத்தான் வைத்திருக்கிறோம், கனமான இரும்புக் கதவு, தடித்த சுவர், பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அங்கே காற்று நகர்வதே இல்லை, இருட்டும் சேர்ந்துகொள்கிறது, அந்துப்பூச்சிக்கு வேறு என்ன வேண்டும்? வெள்ளரி விதை வடிவத்தில் சாம்பல் நிறக் கூடு ஒன்று சுவரில் ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்குமே, இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், அதற்குள் இருப்பதும் புழுதான். தலைமுடி, ஒட்டடை, கம்பளி எல்லாம் அதற்கு ஆகாரம். அதைச் சுவரில் பார்த்தால் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், நூல் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

வைத்திருப்பது என்று முடிவானால் எதில் வைப்பது? திறந்த அலமாரியில் அடுக்குவது படத்துக்கு நன்றாக இருக்கும், இந்த ஊருக்கு ஆகாது, பருத்தியும் அக்ரிலிக்கும் மட்டும் என்றால் பரவாயில்லை. காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பை இடத்தை மிச்சப்படுத்தும், பூச்சியும் உள்ளே போகாது. ஆனால் மழை நாளில் நூலை உள்ளே போட்டு மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டி வைக்கிறோம். ஒரு முறை அப்படி மூடிய பையை எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே இருந்த கிரீம் நிற நூலில் மஞ்சள் புள்ளிகள். அது தவிர, கம்பளியின் அழகே அந்தத் துள்ளல்தான், மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் அது படுத்துவிடுகிறது. கேமரா வைக்கும் டிரை கேபினெட் எல்லாவற்றையும்விடச் சிறந்தது, 50 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் வருடக்கணக்கில் கவலையில்லை, ஆனால் அதன் விலைக்கு எவ்வளவோ நூல் வாங்கலாம், கொள்ளளவும் குறைவு. வீட்டில் ஏற்கனவே கேமராவுக்கு இருந்தால் ஒரு தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு ரப்பர் விளிம்பு வைத்த மூடிப் பெட்டிக்குத்தான். நூலை முதலில் ஓர் இரவு முழுக்க ஏசி அறையில் பரப்பி வைத்து உலர்த்துங்கள், டிரை மோட் இருந்தால் அதில் ஓட விடுங்கள். காலையில் அறையை விட்டு வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே பெட்டியில் போட்டு மூடுங்கள், கூடவே சிலிக்கா ஜெல், நிறம் மாறுகிற வகை. நிறம் மாறினால் எடுத்துச் சூடாக்கி மறுபடி போடலாம். ஈரத்தை இழுத்துத் தண்ணீராகச் சேர்க்கும் டப்பாக்கள் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கிறதே, அதை அலமாரியில் வைக்கலாம், நூல் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு, சேரும் தண்ணீர் உப்புக் கரைசல், ஒரு தடவை கவிழ்ந்தால் போதும், நூல் பிசுபிசுத்துப் போய்விடும்.

பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். வாடை போகாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். இங்கே 1965 முதலே பிறக்கும் குழந்தைகளை இதற்காகச் சோதிக்கிறார்கள், குறைபாடு இருந்தால் பாச்சை உருண்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மிச்ச நூலில் நாம் அதிகம் பின்னுவதே குழந்தைத் தொப்பியும் காலுறையும்தான். அதை அந்த வாடையோடு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது.

பூச்சி பட்ட பெட்டியில் பக்கத்தில் இருந்த நூல்களை என்ன செய்வது? ஃபிரீசர். ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியே அழுத்தி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் காற்றின் ஈரமெல்லாம் நூலின்மேல் இறங்கும். அப்புறம் உதறிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் சேர்க்க வேண்டும். என் ஃபிரீசரில் மீனையும் பரோட்டாவையும் ஒதுக்கினால் நான்கு சிட்டத்துக்குத்தான் இடம், ஒரு பெட்டியை முடிக்கவே ஒன்றரை மாதம் ஆகும்போல இருக்கிறது. சாம்பல் நிறச் சிட்டத்தை இரண்டு பைக்குள் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். அப்படி ஆனதை யாருக்கும் கொடுக்காதீர்கள், அவர்கள் வீட்டுக்கும் பூச்சியை அனுப்பிவைப்பது போலாகிவிடும்.

சரி, பின்னித் தீர்ப்பது. இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. நூல் தீர வேண்டும் என்பதற்காகவே பின்னினால், நூல் குவியல் போய்ப் பொருள் குவியல் வரும். போன வருடம் யாரும் கேட்காத ஏழு மஃப்ளர் பின்னினேன், 30 டிகிரியில் மஃப்ளரை யார் போட்டுக்கொள்வது? அவற்றையும் இப்போது பூச்சியிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் உண்மையில் எது பயன்படுகிறது என்று பார்த்தால், குளிர் இங்கே ஏசிக்குள்தான் இருக்கிறது. அலுவலகம், எம்ஆர்டி ரயில், சினிமா, மருத்துவமனை வார்டு. அதற்கு ஃபிங்கரிங் நூலில் ஒரு மெல்லிய சால்வை, 100 கிராமில் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வரும், கைப்பையில் ஓரமாகக் கிடக்கும், நான் தினமும் எடுத்துப்போகிறேன். பிறந்த குழந்தைத் தொப்பிக்கு டிகே தடிமனில் 30 கிராம் போதும், ஆனால் முன்பின் தெரியாத குழந்தைக்கு என்றால் மெஷினில் துவைக்கக்கூடிய பருத்தியில்தான் போடுவேன், அந்தப் பச்சிளம் தோலுக்கும் இந்த வேர்வைக்கும் அதுதான் ஒத்துவரும். தடித்த பருத்தி மிச்சமெல்லாம் பாத்திரம் துடைக்கும் துணி, மார்க்கெட் பை. அக்ரிலிக் மிச்சத்துக்கு நான் கண்ட நல்ல வழி வாசல் தோரணம். பச்சையில் மாவிலை, நடுநடுவே மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சாமந்தி என்று குரோஷா ஊசியில் போட்டால் பொங்கலுக்கும் ஆகும், அடுத்த தீபாவளிக்கும் ஆகும், மழைச் சாரல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. 15 கிராம், 20 கிராம் என்று கிடக்கிற துண்டு துக்காணியெல்லாம் இதில் போய்விடும்.

பின்னியதை இந்த மழையில் கழுவி உலர்த்துவது தனிப் பாடு. கம்பளியைத் துண்டில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, தட்டையாகப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தேன், மூன்றாவது நாளும் உட்பக்கம் ஜில்லென்று இருந்தது, புளித்த வாடை வேறு. மறுபடி அலசி ஏசி அறையில் வைத்தேன், மறுநாள் காலைக்குள் காய்ந்துவிட்டது. வெயில் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கொடுப்பதில் விற்பது, தருவது என்று இரண்டு. விற்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேபிள் இருக்கும் முழு உருண்டைகள், ஒரே டை லாட்டில் நான்கு ஐந்து சேர்ந்து இருந்தால் பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையதளத்தில் போகும், பாதி விலை கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். பாம் ஷெல்டரில் இருந்தது, இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தருவதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் புளோக்குக்குக் கீழே மூத்தோர் நிலையத்தில் வியாழக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பின்னுவார்கள். ஆனால் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடக் கூடாது, முதலில் போய் என்ன பின்னுகிறார்கள் என்று பாருங்கள். நான் ஆசையாக எடுத்துப்போன மொஹேரை அங்கிருந்த சீன ஆன்ட்டி ஒருவர் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கண் தெரியவில்லை, இழை பிடிபடவில்லை என்றார். அவருக்கு வேண்டியது வெளிர் நிறத்தில், கொஞ்சம் தடித்த, பிரியாத நூல். என்னிடம் அக்ரிலிக் பெட்டியில் அதுதான் நிறைய இருந்தது, நான் குறைவாக மதிப்பிட்டு வைத்திருந்த பெட்டி. மறுவாரம் இரண்டு கிலோ கொடுத்தேன், அன்றே அவர் முதல் வரிசையைப் போட ஆரம்பித்துவிட்டார். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் நூல் கடைப் பக்கம் போனால் நான் கை வைக்காத நிறங்களில் அதே மாதிரி நூலை வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது, ஆனால் பெட்டிகள் காலியாகும் வரை கடைப் பக்கம் போவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

கணக்குப் பார்த்தால், ஆறு பெட்டியில் மொத்தம் 7 கிலோ 300 கிராம். அதில் கம்பளி 2 கிலோ 600. அதில் பெயர் எழுத முடிந்தது இரண்டே இரண்டுக்குத்தான். தம்பி மகனுக்கு நீலத்தில் காலுறை, 100 கிராம் சிட்டம் ஒன்று. அத்தைக்குச் சிவப்பு டிகே, ஏழு உருண்டை, 350 கிராம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவில் உறைபனி விழும், சூடு பூஜ்யத்துக்குக் கிட்டப் போகும், கம்பளிக்கு அங்கேதான் வேலை. ஆனால் முழுக்கை ஸ்வெட்டர் என்றால் 500 கிராமாவது வேண்டும், இதே டை லாட் இனிக் கிடைக்காது. அந்தக் கவலையோடுதான் அத்தைக்குப் போன் போட்டேன்.

"முழுக்கை எதுக்கும்மா? அடுப்படியில நின்னா கை நனைஞ்சு அதுவே குளிரா இருக்கு. கையில்லாமப் போடு. முன்னாடி பட்டன் வை, தலைவழியா மாட்ட தோள் வலிக்குது."

கையில்லாமல் என்றால் 300 கிராமே போதும், பட்டன் பட்டிக்கு மிச்சம் 50. மார்பளவு 38, உயரம் 23 அங்குலம் என்று அத்தை அளந்து சொன்னதைச் சீட்டில் எழுதி உருண்டையில் குத்தி வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்குக் கோயம்புத்தூர் போகிறவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், ஐந்து வாரம்தான் இருக்கிறது. மீதி 2 கிலோ சொச்சம் கம்பளியை போகிக்குள் கொடுத்து முடிக்கப் பார்க்கிறேன், அதில் அந்தப் பச்சையும் இருக்கிறது, நான்கு உருண்டை, சுத்தக் கம்பளி, இப்போது ஃபிரீசரில் இருக்கிறது. இன்று முதுகுப் பக்கம் 12 வரிசை முடிந்தது. வெளியே இன்னும் பெய்துகொண்டிருக்கிறது.